ஊசி வீட்டுக்குள் வந்த வரலாறு

நீரிழிவு கண்ட பூனைக்கு இன்று அது வாழும் வீட்டில்தான் வைத்தியம் நடக்கிறது. காலையும் மாலையும் முதுகுத் தோலைச் சற்றுத் தூக்கிப் பிடித்து இன்சுலின் போடுகிறார்கள். காது மடலின் ஓரத்தில் ஊசிமுனையால் தொட்டு ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிறார்கள். பார்த்ததை நோட்டில் குறித்து வைக்கிறார்கள். இதைச் செய்கிறவர் ஒரு ஆசிரியையாக இருக்கலாம், கடைக்காரராக இருக்கலாம், ஓய்வுபெற்ற முதியவராக இருக்கலாம். மருத்துவப் படிப்புக்கும் அவருக்கும் தொடர்பில்லை. கேள்விப்படுகிறவர்களில் பலர், பணம் மிகுந்த நாடுகளில் புதிதாக முளைத்த செல்லம் இது என்று நினைக்கிறார்கள். மருத்துவம் படித்தவர்களில் சிலர், விவரம் தெரியாதவர் கையில் இன்சுலினைக் கொடுப்பது ஆபத்து என்கிறார்கள். இந்த இரண்டு எண்ணங்களும் வரலாற்றோடு பொருந்தவில்லை. இன்சுலின் மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்த 1922ஆம் ஆண்டு தொட்டு நீரிழிவு மருத்துவம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டை நோக்கித்தான் நகர்ந்து வந்திருக்கிறது. கட்டத்துக்குக் கட்டம் மருத்துவ உலகம் தயங்கியது. கட்டத்துக்குக் கட்டம் சான்றுகள் வீட்டின் பக்கமே நின்றன. பூனையின் விஷயத்தில் அந்தச் சான்று இன்னும் வலுவானது. பூனையின் சர்க்கரையை ஆஸ்பத்திரியில் வைத்து நம்பத் தகுந்தபடி அளப்பதே கடினம் என்பதுதான் காரணம்.

கதை விலங்குகளிடமிருந்தே தொடங்குகிறது, ஆனால் நோயாளிகளாக வந்த விலங்குகளிடமிருந்து அல்ல. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஆஸ்கார் மின்கோவ்ஸ்கியும் யோசஃப் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை முழுவதுமாக அகற்றினார்கள். நாய் ஓயாமல் சிறுநீர் கழித்தது. சோதித்தபோது அதில் சர்க்கரை இருந்தது. நீரிழிவின் வேர் கணையத்தில் இருக்கிறது என்பது அன்று உறுதியானது. 1921 கோடையில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மக்லியோடின் ஆய்வுக்கூடத்தில் பேண்டிங், பெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணையம் நீக்கிய நாய்களை வைத்தே சோதனை செய்தார்கள். அவற்றில் மார்ஜரி என்று அழைக்கப்பட்ட நாய், கணையச் சாற்றின் துணையோடு ஏறக்குறைய 70 நாள் உயிர் வாழ்ந்தது. 1922 ஜனவரி 11 அன்று 14 வயது நீரிழிவு நோயாளி லெனார்ட் தாம்சனுக்குப் போட்ட முதல் ஊசி சரிவரப் பலிக்கவில்லை. காலிப் என்ற வேதியியலர் அந்தச் சாற்றை மேலும் தூய்மைப்படுத்திய பிறகு, ஜனவரி 23 அன்று போட்ட ஊசி பலித்தது. நாய்களின் உடலில் கண்டெடுத்து, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த அந்த மருந்து மனிதருக்குப் போய்ச் சேர ஆறு மாதம்தான் ஆயிற்று. நோயுற்ற விலங்குகளுக்கு அது ஒரு வழக்கமான சிகிச்சையாகத் திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

மருந்து கிடைத்ததும் மருத்துவர்களுக்கு வேறொரு சிக்கல் வந்தது. அக்காலத்து இன்சுலினின் வேலை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நாளுக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டும், ஆயுள் முழுக்கப் போட வேண்டும். எந்த ஆஸ்பத்திரியும் ஒருவரை ஆயுள் முழுக்கப் படுக்கையில் வைத்திருக்க முடியாது. ஆகவே ஊசி வீட்டுக்குப் போயே தீர வேண்டியிருந்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள் எலிசபெத் ஹியூஸ் 1922 ஆகஸ்டில் டொராண்டோ வந்தபோது, அன்றைய பட்டினி வைத்தியத்தால் இளைத்து 20 கிலோ அளவில் இருந்தார். சில வாரங்களில் தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டார். 1981 வரை வாழ்ந்தார். பாஸ்டனில் மருத்துவர் எலியட் ஜோஸ்லின், இன்சுலின் வருவதற்கு முன்பே, 1918இல், நோயாளிகளும் படிக்கும்படி ஒரு கைநூல் எழுதியிருந்தார். லண்டனில் மருத்துவர் ஆர்.டி. லாரன்ஸ், தானே நீரிழிவு நோயாளியாக இருந்தவர், 1934இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸோடு சேர்ந்து நோயாளிகளுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். சமையலறையில் ஒரு பாத்திரத்தில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைப்பது, மழுங்கிய ஊசியைச் சாணைக்கல்லில் தேய்த்துக் கூராக்குவது, பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்சி நிறம் பார்ப்பது எல்லாம் குடும்ப வேலைகளாயின. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் மிகுதி. பள்ளி ஆய்வகத்தில் இந்தச் சோதனையைச் செய்தவர்களுக்கு அந்த நிறங்கள் நினைவிருக்கும். மருத்துவம் படிக்காத தாய்மார்களும் அதைச் செய்தார்கள். அரை நூற்றாண்டு காலம் உலகெங்கும் லட்சக்கணக்கான உயிர்கள் இந்த அடுப்படிச் சோதனையை நம்பியே இருந்தன.

அப்படியிருக்க, பூனைக்கு ஏன் இத்தனை தாமதம்? மருந்து இல்லாமை காரணமில்லை. பூனைக்கு நீரிழிவு இருப்பது கண்ணில் படவில்லை. அதன் முதல் அறிகுறிகள் மிகுந்த தாகமும் மிகுந்த சிறுநீரும். தோட்டத்திலும் வைக்கோற்போரிலும் தெருவிலும் போய் வருகிற பூனை எவ்வளவு நீர் குடித்தது, எவ்வளவு கழித்தது என்று யாருக்குத் தெரியும்? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பூனைகளில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எலி பிடிக்க வைத்திருந்தவை. வீட்டு வாசலோடு நின்றவை. 1947இல் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், ஈரம் உறிஞ்சும் களிமண் துகளைப் பூனைக்கான மண்ணாக விற்கத் தொடங்கினார். அந்த மலிவான சரக்கு பூனையை முழுநேரமும் வீட்டுக்குள் இருத்தியது. அதன் பின்புதான் மண்பெட்டி நாளுக்கு நாள் சீக்கிரமாக நனைவதை ஒருவர் கவனிக்க முடிந்தது. தின்றும் உடல் இளைப்பது, பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்துத் தட்டையாக நடப்பது போன்றவையும் பார்வைக்கு வந்தன. நரம்பு பாதித்த நீரிழிவுப் பூனையின் நடை அது; ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

அதே வீட்டு வாழ்க்கை நோயையும் பெருக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். ஓடியாட இடமில்லை, வேட்டையில்லை. கருத்தடைக்குப் பிறகு பசி கூடுகிறது, உடல் கனக்கிறது. தானிய மாவு கலந்த உலர் தீவனம் கிண்ணத்தில் எப்போதும் இருக்கிறது. இறைச்சி மட்டுமே தின்று பழகிய குலத்தில் வந்த பூனைக்கு மாவுச்சத்தைக் கையாளும் திறன் குறைவு. உலர் தீவனம் ஒன்றின் மேலேயே பழியைப் போடுவது மிகை என்பதே என் கணிப்பு. உடல் பருமனும் அசைவின்மையும் அதைவிடப் பெரிய காரணங்களாகத் தெரிகின்றன. ஆனாலும் நோயை வளர்த்த வீடு என்ற ஒன்று உண்டு என்றால், அதைத் தணிக்கிற பொறுப்பும் அந்த வீட்டுக்கே வருகிறது. தட்டில் என்ன விழுகிறது என்பதை மருத்துவர் தீர்மானிக்க முடியாது.

பூனையின் நீரிழிவு நாயினுடையதைப் போன்றதன்று என்பது தெளிவாகவும் நாளாயிற்று. நாய்க்கு வருவது பெரும்பாலும் இன்சுலின் சுரப்பு அற்றுப்போகும் வகை. ஆயுள் முழுக்க ஊசி வேண்டும். பூனைக்கு வருவது நடுவயது மனிதருக்கு வரும் இரண்டாம் வகையை ஒத்தது: உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை, கணையம் களைத்துப் போகிறது, இன்சுலின் சுரக்கும் அதன் அணுத் திட்டுகளில் அமிலாய்டு என்னும் புரதம் படிகிறது. மனிதக் கணையத்தில் அந்தப் படிவை 1901இலேயே யூஜின் ஓப்பி கண்டு எழுதியிருந்தார். அது எதனால் ஆனது என்பது எண்பத்தாறு ஆண்டு புதிராக இருந்தது. 1987இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் வெஸ்டர்மார்க்கும் மினசோட்டாவின் கென்னத் ஜான்சனும் அவர்களுடைய குழுவினரும், மனிதக் கட்டி ஒன்றையும் நீரிழிவுப் பூனையின் கணையத்தையும் அருகருகே வைத்து ஆராய்ந்து அந்தப் புரதத்தின் அடையாளத்தை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தும் அதே விடை வந்தது. மனித மருத்துவம் பூனையிடமிருந்து கற்றுக்கொண்ட பாடம் இது; நீரிழிவு வரலாறு எழுதுகிறவர்கள் டொராண்டோ நாய்களோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை. இந்த ஒப்புமையிலிருந்து வீட்டுக்கு ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது. களைத்த கணையத்துக்கு ஓய்வு கொடுத்தால் அது ஓரளவு மீளும். சர்க்கரையைச் சில மாதம் கட்டுக்குள் வைத்தால் பல பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலை வரும். நாயிடம் இது ஏறக்குறைய நடப்பதே இல்லை.

அந்தக் கட்டுப்பாட்டை எப்படி அடைவது என்பதில்தான் பூனை மருத்துவம் இரண்டு தவறான வழிகளில் போய்த் திரும்பியது. முதல் வழி சிறுநீர்ச் சோதனை. மண்பெட்டியிலிருந்து சிறுநீர் பிடித்துப் பட்டையை நனைத்து, சர்க்கரை தெரிந்தால் இன்சுலினைக் கூட்டு என்று உரிமையாளருக்குச் சொல்லி அனுப்புவார்கள். மனிதருக்கு ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டினாலே சிறுநீரில் தெரியும். பூனைக்கு அது 250க்கும் மேலே போக வேண்டும். மேலும் நேற்றிரவு நடந்தது இன்று காலைச் சிறுநீரில் கலந்து தெரிகிறது. இதில் ஒளிந்திருந்த ஆபத்தை 1986இல் மக்மில்லன், ஃபெல்ட்மன் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்சுலின் அளவுக்கு மிஞ்சினால் சர்க்கரை சரிகிறது; உடல் அதைத் தடுக்கக் கல்லீரலிலிருந்து சர்க்கரையைக் கொட்டுகிறது; காலையில் சிறுநீர்ப் பட்டை மிகுதி என்று காட்டுகிறது; வீட்டுக்காரர் சொன்னபடி இன்னும் கூட்டுகிறார். மருந்து மிகுந்ததால் வந்த சர்க்கரைக்கு மருந்தாக மேலும் மருந்து. இதைப் படித்துவிட்டுச் சிலர், பார்த்தீர்களா, வீட்டுக்காரர்களிடம் விட்டதன் விளைவு என்றார்கள். ஆனால் வீட்டுக்காரர் கையில் கொடுக்கப்பட்டிருந்தது பழுதான அளவுகோல். அவர் செய்தது மருத்துவர் சொன்ன கணக்கு.

இரண்டாம் வழி, பூனையைக் காலையில் மருத்துவமனையில் விட்டுவிட்டு மாலையில் அழைத்துப் போவது. இரண்டு மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, பகல் முழுவதும் சர்க்கரை ஏறி இறங்கும் கோட்டை வரைவார்கள். 1980களிலும் 1990களிலும் பாடநூல் முறை இதுதான். தாளில் பார்த்தால் குறையே இல்லை. கூண்டுக்குள் இருக்கும் பூனையைப் பார்த்தால்தான் குறை தெரியும். வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கத்துக் கூண்டில் நாய் குரைக்கிறது. கழுத்தைப் பிடித்து, காலை நீட்டி, மீண்டும் மீண்டும் குத்துகிறார்கள். வைத்த உணவை அது முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அச்சம் வந்த பூனையின் உடல் சர்க்கரையை அள்ளி ரத்தத்தில் விடும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஜாக்கி ராண்டும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவே இல்லாத நலமான பூனைகளுக்கு ஐந்து நிமிடம் தண்ணீர் தெளித்தார்கள், அவ்வளவுதான் செய்தது. சர்க்கரை உயர்ந்தது, அதிகம் போராடிய பூனைகளுக்கு அதிகம் உயர்ந்தது. ஐந்து நிமிடத் தண்ணீருக்கே இப்படியென்றால், பத்து மணி நேரக் கூண்டு காட்டுகிற கோடு எந்த நோயின் கோடு? பூனை வீட்டில் எப்படி இருக்கிறதோ அதற்குத்தான் மருந்தளவு குறிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கோடோ, பயந்த பூனைக்கான மருந்தளவைக் குறித்துக் கொடுத்தது. அந்த அளவோடு பூனை வீட்டுக்குப் போய் அமைதியானதும், சர்க்கரை தரை தட்டும் ஆபத்து இருந்தது. வீட்டில் அளப்பது பாதுகாப்பற்றது என்ற வாதத்தை இந்த ஒரு செய்தியே தலைகீழாக்கிவிடுகிறது.

சரியான அளவுகோல் இதற்குள் மனிதர்களிடம் வந்துவிட்டிருந்தது. அது அவர்கள் கைக்கு வந்த விதமும் கவனிக்கத் தக்கது. 1960களின் நடுவில் ஏம்ஸ் நிறுவனம் ரத்தச் சர்க்கரைக்கான பட்டையைக் கொண்டுவந்தது. பெரிய துளி ரத்தம் வைத்து, சரியாக 60 வினாடி காத்து, தண்ணீரில் கழுவி, நிறத்தை ஒப்பிட வேண்டும். 1970 வாக்கில் அந்த நிறத்தைப் படித்துச் சொல்லும் கருவி வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, மருத்துவர்களுக்கு மட்டுமே விற்பனை. நீரிழிவு நோயாளியும் பொறியாளருமான ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், மருத்துவரான தன் மனைவியின் பெயரில் அதை வாங்கித் தன் ரத்தத்தைத் தானே சோதிக்கத் தொடங்கினார். தன் அனுபவத்தை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை என்றதும், நடுவயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். 1978இல் பிரிட்டனில் இரண்டு குழுக்கள், நோயாளிகள் வீட்டிலேயே ரத்தம் சோதிப்பது சாத்தியம், பயனுள்ளது என்று 'லான்செட்' இதழில் எழுதின. அதற்கு முன் கேட்ட ஆட்சேபணைகள் இன்று பூனை விஷயத்தில் கேட்பவைதான்: தவறாக அளப்பார்கள், எண்ணைப் பார்த்துப் பதறுவார்கள், மருந்தைத் தாமாக மாற்றுவார்கள். 1,441 பேரைப் பல ஆண்டு பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 1993இல் முடிவை அறிவித்தது. வீட்டில் அடிக்கடி அளந்து இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரக, நரம்புப் பாதிப்புகள் வெகுவாகக் குறைந்திருந்தன. மனிதரைப் பொறுத்தவரை விவாதம் அங்கே முடிந்தது.

பூனைக்கு விரல் நுனி இல்லை. அந்த இடத்தை நிரப்பியது காது. சூரிச் பல்கலைக்கழகத்தில் கிளாடியா ரொய்ஷும் அவர் குழுவினரும் 2000ஆம் ஆண்டில், நாய் பூனைகளின் காதிலிருந்து எடுத்த நுண்துளியைக் கைக்கருவியில் வைத்து அளப்பது நம்பத் தகுந்ததே என்று காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில், உரிமையாளர்கள் நெடுங்காலம் வீட்டில் இதைச் செய்ய முடிகிறதா என்றும் பின்தொடர்ந்து எழுதினார்கள். முறை எளிது. வெதுவெதுப்பான துணியைக் காதில் சிறிது நேரம் வைத்தால் ஓரத்து நாளம் விரிகிறது. காதின் மறுபுறம் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டு, நாளத்துக்கும் விளிம்புக்கும் இடையில் ஒருமுறை குத்தினால், மிளகுக்கும் சிறிய துளி வருகிறது. பட்டையின் நுனி அதை உறிஞ்சிக்கொள்கிறது. பஞ்சால் சற்று அழுத்திப் பிடித்து, ஒரு துண்டு இறைச்சி கொடுத்தால் முடிந்தது. பல பூனைகள் சில நாளில் இதற்குத் தாமாகவே வந்து உட்காரும் அளவுக்குப் பழகுகின்றன. ஒரு நுட்பத்தை மட்டும் மனதில் வைக்க வேண்டும். மனித ரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. பூனையில் ஏறக்குறைய எல்லாமே அணுக்களுக்கு வெளியே நீரில் இருக்கிறது. அதனால் மனிதக் கருவி பூனை ரத்தத்தைப் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும். விலங்குகளுக்கென்றே அளவு திருத்திய கருவிகள் பின்னால் வந்தன. அவை கிடைக்காத இடத்தில், இந்த வேறுபாடு தெரிந்த மருத்துவரின் துணையோடு மனிதக் கருவியைப் பயன்படுத்தலாம். ஒரே கருவியை மாற்றாமல் பயன்படுத்துவதுதான் முக்கியம்.

மருந்தின் கதை இன்னும் சிக்கலானது. பூனையின் இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வேறுபாடு; மனித இன்சுலினோடு நான்கு வேறுபாடு. ஆகவே மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்து, புரோட்டமினும் துத்தநாகமும் சேர்த்து மெல்லக் கரையச் செய்த பழைய இன்சுலின் பூனைக்கு நன்றாகவே ஒத்துப்போனது. 1982இல் மரபணுப் பொறியியலில் மனித இன்சுலின் தயாராகி விற்பனைக்கு வந்ததும், மாட்டு இன்சுலின் மெல்லக் கடைகளிலிருந்து மறைந்தது. மனிதருக்கு அது முன்னேற்றம். பூனைகளுக்குக் கையிலிருந்த மருந்து போயிற்று. கால்நடை மருத்துவர்கள் ஒன்று மாற்றி ஒன்று தேடினார்கள். கடைசியில் நல்ல விடை மனித மருந்தகத்திலிருந்தே வந்தது: 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலின். 2009இல் கிர்ஸ்டன் ரூம்பும் ஜாக்கி ராண்டும் 55 பூனைகளின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அந்தப் பதிவுகளை எழுதியவர்கள், வீட்டில் நாளுக்குப் பலமுறை அளந்து, வகுத்துக் கொடுத்த விதிப்படி கிளார்ஜினைக் கூட்டிக் குறைத்த ஜெர்மன் மொழி பேசும் உரிமையாளர்கள். 64 சதவீதப் பூனைகளுக்கு ஊசி தேவைப்படாமல் போனது. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறைக்கு வந்தவற்றில் அது 84 சதவீதம். அதற்குப் பின் வந்தவற்றில் 35 சதவீதம்.

இந்த எண்களை அப்படியே ஏற்கக் கூடாது என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இந்த உரிமையாளர்கள் தாமாக முன்வந்த, மிகுந்த ஈடுபாடு கொண்டவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. சீக்கிரம் வந்த பூனைகளுக்கு நோயே முற்றாமல் இருந்திருக்கலாம். 84 என்ற எண்ணைப் புதிதாக வருகிற எல்லாருக்கும் வாக்குறுதியாகக் கொடுப்பது தவறு. வளர்ச்சி ஹார்மோன் மிகுதியால் நீரிழிவு வந்த பூனைகளும் உண்டு. அவற்றுக்கு எவ்வளவு உழைத்தாலும் இன்சுலின் மட்டும் போதாமல் போகலாம். ஆனால் என் வாதம் அந்த எண்ணின் மேல் நிற்கவில்லை. பயிற்சி பெற்ற சாதாரண மக்கள், மருத்துவர் அருகில் இல்லாத நேரத்தில், சர்க்கரையை இயல்பான அளவுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். அளவு தாழ்ந்தபோதும் பெரும்பாலும் வெளியே தெரியும் அறிகுறி வருமுன் கண்டுபிடித்தார்கள். அடிக்கடி அளந்ததால்தான் அது முடிந்தது. வீட்டுக்காரரால் இயலாது என்ற வாதத்துக்கு இது போதிய மறுப்பு.

வீட்டில் பிழை நடக்கும் என்ற ஆட்சேபணையை மட்டும் லேசாகத் தள்ளிவிட முடியாது; இந்தியாவில் வாழ்கிறவர்களுக்கு அது கூடுதலாகப் பொருந்தும். இன்சுலினின் செறிவு நூறாண்டில் பலமுறை மாறியது. அமெரிக்காவில் 1970கள் முதல் மனித இன்சுலின் மில்லிலிட்டருக்கு 100 யூனிட் என்று மாறியது. விலங்கு இன்சுலின் பல 40 யூனிட்டிலேயே தங்கிவிட்டன. இந்தியாவில் மனித இன்சுலின் குப்பிகள் இன்றும் பரவலாக 40 யூனிட்டாகவே விற்கின்றன. கிளார்ஜின் போன்றவை 100 யூனிட். ஒன்றுக்கு உரிய சிரிஞ்சில் மற்றதை எடுத்தால் மருந்து இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு யூனிட்டே வேண்டிய பூனைக்கு இரண்டரை மடங்கு என்பது உயிருக்கே ஆபத்து. ஆனால் இந்தப் பிழை மனித நோயாளிகளுக்கும் நேர்வது. அதற்காக யாரும் அவர்களிடமிருந்து ஊசியைப் பிடுங்கவில்லை. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி என்று சிரிஞ்சுக்கு நிறம் கொடுத்தார்கள், செவிலியரை வைத்துக் கற்பித்தார்கள். பூனை வைத்தியத்தில் குறைந்தது அந்தக் கற்பித்தல்தான். 2017இல் வெளியான பன்னாட்டுக் கணிப்பு ஒன்றில், நீரிழிவு தெரிந்த உடனேயே பத்தில் ஒரு விலங்கைக் கருணைக்கொலை செய்துவிடுகிறார்கள், ஓராண்டுக்குள் இன்னும் அதே அளவு என்று கால்நடை மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். என்னால் இது முடியாது என்ற உரிமையாளரின் பயம் அதில் பெரிய பங்கு வகிக்கிறது. அந்தப் பயத்தைப் போக்க அரை மணி நேரம் செலவிடாத ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இதில் பொறுப்பு உண்டு.

இன்னொரு ஆட்சேபணை மனசாட்சியைத் தொடுவது. இன்சுலின் கிடைக்காமல் குழந்தைகள் சாகிற உலகத்தில் பூனைக்கு இன்சுலினா? ஒரு குடும்பம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் இருந்தால் விடை எல்லாருக்கும் தெரியும். அந்தக் குடும்பத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் உலகில் இன்சுலின் எட்டாக்கனியாக இருப்பதற்குக் காரணம் பூனைகள் அல்ல. பேண்டிங்கின் தோழர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். நூறாண்டுக்குப் பிறகு உலகச் சந்தையின் பெரும்பகுதி மூன்று நிறுவனங்களிடம் இருக்கிறது. விலையைத் தீர்மானிப்பது அந்தச் சந்தையும் அரசுகளின் கொள்முதலும். நாளுக்கு நான்கு யூனிட் எடுத்துக்கொள்ளும் பூனையை வைத்தியம் இன்றிச் சாக விட்டால் எந்தக் குழந்தைக்கும் ஒரு குப்பி கூடுதலாகப் போய்ச் சேராது. குத்திக் குத்தித் துன்புறுத்துகிறார்களே என்ற கேள்விக்கு விடை இன்னும் சுருக்கமானது: வைத்தியம் பெறாத நீரிழிவுப் பூனை, தின்றும் பசியோடு, குடித்தும் தாகத்தோடு, வாரக்கணக்கில் உருகிச் சாகிறது. இன்றைய இன்சுலின் ஊசி மயிரிழை போன்றது. பல பூனைகள் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்குவதில்லை.

கடைசியாக, ஊசிக்கே வேலை இல்லாமல் போகிறதே என்கிறார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரையையும், 2023 ஆகஸ்டில் வெலாகிளிஃப்ளோசின் என்ற வாய்வழித் திரவத்தையும் பூனைகளுக்கு அனுமதித்தது. மிஞ்சிய சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்துகள் இவை. ஊசிக்கு அஞ்சிக் கைவிடப்பட்டிருக்கக் கூடிய பல பூனைகளை இவை காப்பாற்றும். அது பெரிய நன்மை. ஆனால் உடம்பில் சொந்த இன்சுலின் ஓரளவாவது சுரக்கும் பூனைக்கே இவை பொருந்தும்; ஏற்கெனவே இன்சுலின் ஏற்றுவந்த பூனைக்குக் கொடுக்கக் கூடாது என்று எச்சரிக்கையும் இருக்கிறது. ரத்தச் சர்க்கரை சீராகத் தெரியும்போதே கீட்டோன் என்னும் நச்சு சேர்ந்து உயிரைப் பறிக்கக் கூடும். ஆகவே மாத்திரை கொடுக்கிற வீட்டிலும் பசி குறைகிறதா, வாந்தி வருகிறதா, எடை இறங்குகிறதா, சிறுநீரில் கீட்டோன் உண்டா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி இருந்த இடத்தில் மாத்திரை வந்திருக்கிறது. கவனிக்கிற வேலை வீட்டிலேயேதான் இருக்கிறது.

பூனைக்கு நீரிழிவு என்று இன்று தெரிந்தவர்களிடம் சொல்ல வேண்டியது இது. முதல் ஆறு மாதம் விலைமதிப்பற்ற காலம். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். ஊசி போடவும், காதில் ரத்தம் எடுக்கவும், சர்க்கரை தாழ்ந்தால் ஈறில் தேனைத் தடவிவிட்டு உடனே அழைக்கவும் மருத்துவர் உங்கள் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கும் வரை அங்கேயே இருங்கள். குப்பியில் 40 என்று இருக்கிறதா 100 என்று இருக்கிறதா, வாங்கிய சிரிஞ்சின் மூடி அதற்குரிய நிறம்தானா என்று மருந்துக்கடையிலேயே பாருங்கள். அளந்ததை எழுதி வையுங்கள். மருத்துவரைக் கேட்காமல் மருந்தைக் கூட்டாதீர்கள்.